நொச்சிக்கோட்டை முற்றுகையும் ஒரு பானைக் கூழும்

ஜூலை 4, சனி

இந்த டைரி உரக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வேளாண் குறிப்பு அச்சிட்டிருக்கிறது. ஆறு மாதம் சும்மா கிடந்ததை இன்று எடுக்க வைத்தவர் எங்கள் ஊராட்சித் தலைவர் மீனாள் அக்கா. காலையில் நூலகத்துக்கு வந்தார். பத்து வருடமாக நான் இங்கே நூலகராக இருக்கிறேன். அவர் உள்ளே வந்தது இதுதான் முதல் தடவை.

"மயிலு, நம்ம கோட்டையப் பத்தி ஒரு புஸ்தகம் எழுதிக் குடு. நாப்பது பக்கம் போதும். ஆடிக் கடைசி வெள்ளிக்குத் தொல்லியல் அதிகாரி வர்றாரு. அன்னைக்கு நீயே அதை மைக்குல வாசிச்சிரு. புடிச்சுப் போச்சுன்னா அரசாங்கப் பட்டியல்ல சேத்துருவாங்க."

"என்னக்கா எழுதணும்?"

"வரலாறுதான். நல்லா வீரமா இருக்கணும்."

ஆகவே முதலில் உண்மைகள். நொச்சிக்கோட்டை செம்புறாங்கல் மதிலுக்குள் இருக்கும் ஊர். அறுபத்திரண்டு வீடு, ஒரு கோயில், ஒரு கொத்தளம், ஒரே வாசல். வடக்கு மதில் எழுபத்தேழாம் வருடத்துப் புயலில் விழுந்துவிட்டது. பஸ், டிராக்டர், கல்யாண ஊர்வலம் எல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தான் வருகின்றன. இருந்தாலும் கோட்டைக்கு வாசல் ஒன்றுதான். அந்த இடைவெளியை வாசல் என்று சொன்னால் என் அப்பா சோற்றில் கை வைக்க மாட்டார்.

அப்பா சேவுகன் பரம்பரை வாசல்காரர். கோட்டைச் சாவி அவரிடம் இருக்கிறது, ஒரு முழ நீளம். பூட்டு அந்தப் புயலோடு போய்விட்டது.

நான் பூமயில். வயது முப்பத்திரண்டு. (இதை எழுத வேண்டிய அவசியமில்லை. பேனாவால் எழுதியாகிவிட்டது.)

ஜூலை 5, ஞாயிறு

அப்பாவை உட்காரவைத்து வரலாற்றைக் கேட்டேன். அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நானூறு வருசம் இருக்கும்த்தா. ஆடி மாசம், கடைசி வெள்ளி. பொழுது சாயுற நேரம். தீப்பந்தம் புடிச்சுக்கிட்டு, கொட்டு மொழக்கிக்கிட்டு மூவாயிரம் பேரு வந்துட்டான் குருந்தம்பட்டிக்காரன். வாசல்ல நம்ம பாட்டன் வாசல்காத்த சேவுகன் ஒத்த ஆளு. கதவைச் சாத்துனாரு. கோயில்ல கூழு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சா, பானையோட தூக்கியாந்து மதில் மேலருந்து ஊத்துனாரு பாரு. ஓடுனவன்தான்."

"மூவாயிரம் பேருக்கு ஒரு பானைக் கூழு எப்படிப்பா பத்துச்சு?"

"முன்னாடி நிக்கிறவன் ஓடுனா பின்னாடி நிக்கிறவன் சும்மாவா நிப்பான்?"

எனக்குப் போர்முறை தெரியாது. எழுதிக்கொண்டேன்.

இதனால்தான் மற்ற ஊர்களில் ஆடிக்கூழைப் பாத்திரத்தில் ஊற்றுகிறார்கள், எங்கள் ஊரில் எதிரியின் தலையில் ஊற்றுகிறோம். வருடாவருடம் குருந்தம்பட்டியிலிருந்து இருபத்தொரு ஆண்கள் கம்போடு வந்து வாசலுக்கு வெளியே நிற்பார்கள். நாங்கள் கதவைச் சாத்தி மதில்மேல் ஏறி ஒரு நாழிகை திட்டுவோம். பிறகு அப்பா கூழை ஊற்றுவார். அவர்கள் ஓடிப்போய்க் கண்மாயில் குளித்து, நாங்கள் கொடுக்கும் புதுத் துண்டைக் கட்டிக்கொண்டு, திறந்த வாசல் வழியாக உள்ளே வந்து சாப்பிடுவார்கள். கிளம்பும்போது 'போயிட்டு வர்றோம்' என்று சொல்லக் கூடாது. எதிரி அல்லவா, பேசாமல் எழுந்து போக வேண்டும்.

மற்ற நாட்களில் இரண்டு ஊருக்கும் நடுவில் பால், உரம், ஆடு, வம்பு எல்லாம் போய் வரும். பெண் மட்டும் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை.

பெண் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆவணி பிறந்ததும் திருப்பத்தூரிலிருந்து என்னைப் பார்க்க வருகிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வேலையாம். புகைப்படத்தில் மீசை மட்டும் தெளிவாக இருக்கிறது. அப்பா பாதிக்கு மேல் முடிவு செய்துவிட்டார்.

ஜூலை 8, புதன்

ஊருக்குள் தகவல் சேகரித்தேன். கீழத்தெருவில் படை ஐயாயிரம். மேலத்தெருவில் எட்டாயிரம், கூடவே இரண்டு யானை. டீக்கடையில் கப்பல் வந்தது என்றார்கள். கடல் இங்கிருந்து அறுபது கிலோமீட்டர்.

வேளாண் குறிப்பு: விதையைத் தேர்ந்தெடுக்கும் முன் உப்புநீரில் போட்டுப் பார்க்கவும். பதர் மிதக்கும்.

ஜூலை 10, வெள்ளி

பேரிடி. எதிரி இந்த வருடம் வரமாட்டானாம்.

குருந்தம்பட்டி ஊர்ப் பெரியவர் குழந்தையம்பலம் பால்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். மீனாள் அக்கா தலையில் கை வைத்து எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அதிகாரி வர்ற வருசம் பாத்தா இவனுக இப்புடிப் பண்ணணும்? நம்ம பயலுகளையே வெளிய நிப்பாட்டி ஊத்திருவமா?"

"நம்ம ஆளு தலையில நாமளே ஊத்துறதுக்குப் பேரு முற்றுகையா, கூத்தா?" என்றார் அப்பா. "முறையா வெத்தலை பாக்கு வச்சு எதிரியக் கூப்புடுவோம். வாசல்காரன் வீட்டு ஆளு போகணும்."

வாசல்காரருக்கு மூட்டுவலி. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாம்பாளத்தோடு நான் போகிறேன்.

ஜூலை 12, ஞாயிறு

எதிரி நாட்டுக்குச் சைக்கிளில் போனேன். மூன்று கிலோமீட்டர், நடுவில் ஒரு கண்மாய்.

குழந்தையம்பலத்துக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். தாம்பாளத்தைத் தொடவில்லை. குறைகளை விரல்விட்டுச் சொன்னார்.

"போன வருசம் கூழு சுட்டுச்சு. ஒங்கப்பா ஆறவைக்கல. ரெண்டாவது, கட்டி கட்டியா இருந்துச்சு, ஒருத்தனுக்கு நெத்தி வீங்கிப் போச்சு. மூணாவது, திட்டுறதெல்லாம் பழைய திட்டு. எங்க தாத்தனத் திட்டுனதையே எங்களையும் திட்டுனா எங்களுக்கு என்ன மரியாத? நாலாவது, பந்தியில பாயசம் இல்ல."

நான்கையும் எழுதிக்கொண்டேன். புத்தகம் எழுதுகிறேன் என்றதும் அவர் முகம் மாறியது.

"அப்ப எங்க பக்கத்துச் சங்கதியும் அதுல வரணும். எங்ககிட்ட செப்பேடு இருக்கு."

பெட்டியைத் திறந்து ஒரு செப்புத் தகட்டை எடுத்தார். பதினெட்டு வரி. புள்ளி இல்லை, சொற்களுக்கு நடுவே இடமும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வருகிறார்களாம், படித்தவர் யாருமில்லை. "எந்தம்பி மகன் படிப்பான். அருங்காட்சியகத்துல போயி பழைய எழுத்து கத்துக்கிட்டு வந்திருக்கான்," என்றார்.

அந்தத் தம்பி மகன் கொல்லையில் ஓர் ஆட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பெயர் அடைக்கலம். கால்நடை ஆய்வாளர். வயது முப்பத்தைந்து, மணமாகவில்லை. (வரலாற்று ஆய்வில் தகவல் தருபவரின் விவரம் முழுமையாக இருக்க வேண்டும்.)

கையைக் கழுவிவிட்டு வந்து தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "ரொம்பத் தேஞ்சிருக்கு மேடம். ஒரு நாளைக்கு நாலு வரிக்கு மேல கண்ணு தாங்காது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்தீங்கன்னா படிச்சுரலாம்."

முதல் நான்கு வரி முடிந்தது. சுவஸ்திஸ்ரீ, சகாப்தம், ஆடி மாதம், கடைசி வெள்ளி. நாங்கள் சொல்லும் அதே நாள்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்பலத்தின் தங்கை இருளாயி அத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் முறத்தைப் போட்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். சந்தையில் கடை போடுவார்.

குறைகளைத் தீர்க்கிறோம் என்று வாக்குக் கொடுத்ததும் அம்பலம் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். எதிரி வருகிறான்.

ஜூலை 15, புதன்

அம்மா: "அந்தத் தகட்டத்தான் போன்ல போட்டோ புடிச்சிட்டு வந்துட்டியே. அத அனுப்பிவிட்டா மதுரையில படிச்சுச் சொல்ல மாட்டாங்களா? எதுக்குடி வாராவாரம் சைக்கிள மிதிக்கிற?"

அம்மாவுக்கு ஆய்வு நெறிமுறை புரியாது. மூலத்தை நேரில் பார்க்க வேண்டும்.

ஜூலை 19, ஞாயிறு

நீலச் சேலை கட்டிக்கொண்டு போனேன். மற்றவை துவைக்கப் போட்டிருந்தேன்.

ஐந்திலிருந்து எட்டு வரி. இருபத்தொரு பேர் சென்றதாக எழுதியிருக்கிறது. தளபதிகளாக இருக்க வேண்டும். அவர்கள் கொண்டுபோன பொருட்களின் பட்டியலும் இருக்கிறது. சந்தனம், தேங்காய், வாழைப்பழம், பூ, பட்டுச் சேலை இரண்டு.

"படைக்கு எதுக்குங்க சந்தனம்?" என்றேன்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் என்னையே பார்த்தார். காயத்துக்குப் போட இருக்கலாம் என்றேன். "இருக்கலாம்," என்று தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. செப்புத் தூசு இருமலை உண்டாக்கும் என்று நினைக்கிறேன்.

இருளாயி அத்தை முறத்திலிருந்து நிமிர்ந்தார். "ஏம்ப்பா, இந்த வரியத்தான் மூணு வருசத்துக்கு முன்னாடியே..."

"அத்தை, காபி குடுங்க," என்றார் அடைக்கலம்.

ஜூலை 20, திங்கள்

அப்பாவிடம் பட்டுச் சேலையைப் பற்றிக் கேட்டேன். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"வேவு பாக்க வந்தவனுக பொம்பளை வேசம் கட்டியிருப்பானுக. தேங்கா எதுக்குன்னு கேக்குறியா? எறியுறதுக்கு."

வாழைப்பழம்?

"வழுக்கி விடுறதுக்குத்தா."

இதற்குமேல் நான் என்ன கேட்பது? மீனாள் அக்காவுக்குத் தேங்காய் எறிபடை மிகவும் பிடித்துவிட்டது. முதல் பதினைந்து பக்கம் எழுதி முடித்தேன்.

ஜூலை 23, வியாழன்

ஊரில் ஆடுகளுக்குத் தடுப்பூசி முகாம். அடைக்கலம் வந்திருந்தார். எங்களிடம் இருப்பது ஓர் ஆடுதான், அதற்கு இரண்டு தடவை வந்து பார்த்தார். அப்பா அவருக்கு மோர் கொடுத்து, வாசல்காத்த சேவுகனின் கதையை முழுவதும் சொன்னார், யானைகளோடு. அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். கிளம்பும்போது, "போயிட்டு வர்றேன்," என்றார்.

குருந்தம்பட்டிக்காரர் எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. அப்பா மோர்ச் செம்போடு உள்ளே போய்விட்டதால் அவர் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது.

ஜூலை 26, ஞாயிறு

மழை. போகவில்லை. நாள் முழுவதும் எரிச்சல்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

மேடம் என்ற சொல்லை விட்டுவிட்டார், பூமயில் என்கிறார். மரியாதைக் குறைவுதான். கண்டிக்க நேரமில்லாமல் போனது, ஏனென்றால் இன்று ஒன்பதாம் வரி.

நான் உட்கார்ந்ததும், எழுதிக்கொள்ளத் தாள் வேண்டும் என்று அவருடைய மருந்துச்சீட்டுப் புத்தகத்தை இழுத்தேன். அதன் கடைசிப் பக்கத்தில் செப்பேடு முழுவதும் எழுதியிருந்தது, பதினெட்டு வரியும், அழகான கையெழுத்தில். தேதி மூன்று வருடத்துக்கு முந்தையது.

"ஏங்க, எல்லாத்தையும் முன்னாடியே படிச்சுட்டீங்களா?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு நாலு நாலு வரி?"

"மொத்தமா சொல்லிட்டா நீங்க அடுத்த வாரம் வர மாட்டீங்க," என்றார்.

இருளாயி அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். மொச்சை இன்னும் பாதி உரிக்காமல் இருந்தது.

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் கண் ஒன்பதாம் வரிக்குப் போய்விட்டது. அப்படியே எழுதுகிறேன்.

'...எங்கள் வீட்டுக்கு வாழ வந்த வாசல்காரன் சேவுகன் மகளை ஆடிக்குத் தாய்வீட்டார் அழைத்துப் போனார்கள். மாப்பிள்ளை ஆவணி பிறக்கும்வரை பொறுக்க மாட்டாமல் சீர் தட்டும் கொட்டும் பந்தமுமாய் இருபத்தொரு பேரோடு பெண்ணை அழைக்கப் போனார். ஆடி கழியவில்லை, மாப்பிள்ளை வாசல் மிதிக்கக் கூடாது என்று மாமன் சேவுகன் கதவடைத்தான். மாப்பிள்ளை கதவைத் தட்டினார். மாமன் மதிலேறிக் கூழை ஊற்றினான்...'

மூவாயிரம் வீரர்கள் இல்லை. யானை இல்லை. ஆடி முடியும்வரை பொறுக்காத ஒரு புதுமாப்பிள்ளை, அவருடைய சொந்தக்காரர்கள், இரண்டு பட்டுச் சேலை. நாங்கள் நானூறு வருடமாகக் கும்பிடும் வீரன் மருமகன் தலையில் கூழை ஊற்றிய மாமனார்.

சிரிப்பு வந்தது. மிச்ச வரிகளைப் படித்ததும் நின்றுவிட்டது.

'...அது கண்ட பெண் மதில் ஏறிக் குதித்து எங்களோடு வந்தாள். கால் ஒடிந்தது. மகள் செத்தாள் என்று சேவுகன் ஊருக்குச் சொன்னான். தாய்வீட்டார் வந்து அவளை அழைக்கும்வரை வருஷாவருஷம் இந்த நாளில் எங்கள் வீட்டார் இருபத்தொரு பேர் போய் அந்த வாசலில் நிற்பதென்று சத்தியம்.'

"வந்து கூப்பிட்டாங்களா?" என்றேன்.

"கூப்பிட்டிருந்தா நாங்க இன்னும் ஏன் வந்து நிக்கிறோம்?" என்றார்.

பெரியப்பாவிடம்கூட இதைச் சொல்லவில்லையாம். "எங்க ஊரு, உங்கப்பாவக் கேலி பண்ணும். அது வேண்டாம்னுதான்." பிறகு, "அந்தப் பொண்ணு வயித்துல வந்தவங்கதான் நாங்க எல்லாரும். கணக்குப் பாத்தா நான் உங்களுக்கு அத்தை மகன்," என்றார்.

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மூன்று கிலோமீட்டரும் நடந்து வந்தேன். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், செப்பேட்டை மட்டும்.

அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார். "மாப்பிள்ளைய ஆடியில உள்ள விடாம நிப்பாட்டுனது சரிதான். அதுக்காகக் கூழையா ஊத்துறது? இந்த வீட்டு ஆம்பளைகளுக்கு அப்பவே அவசரப் புத்தி." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "நீ அந்த ஊசி போடுற பையனப் பத்தியும் சொல்லணும்னா சொல்லிரு. கீரை இன்னொரு கட்டு இருக்கு."

சொன்னேன். இந்த டைரியில் இதுவரை எழுதாததையெல்லாம் சொன்னேன். அவரைப் பார்க்கப் போகாத ஞாயிறு ஒரு வாரமாகத் தெரிந்தது என்பதையும் சொன்னேன்.

"ஒங்கப்பா எதிரிக்குப் பொண்ணு தரமாட்டாரு."

"எதிரி இல்லம்மா. அதான் தகட்டுல இருக்கே."

"அப்ப வாசிச்சிரு."

வாசிக்கலாம். ஆனால் அப்பாவிடமிருந்து வாசல்காத்த சேவுகனை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? பூட்டில்லாத ஒரு சாவியும் மூட்டுவலியும். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

மீனாள் அக்கா நாற்பது பக்கத்தையும் படித்தார். நான் கொடுத்தது வீரமான பிரதி. யானை எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னார்.

குருந்தம்பட்டி போகவில்லை. அடைக்கலம் போனில் பேசினார். இந்த வருடம் இருபத்தொரு பேரில் அவரும் ஒருவராம், பெயர் கொடுத்துவிட்டாராம். "நீங்க எதை வாசிச்சாலும் சரி. நான் கீழ நிப்பேன்," என்றார்.

ஆகஸ்ட் 12, புதன்

திருப்பத்தூர்க்காரர்கள் போன் செய்தார்கள். பதினேழாம் தேதி, ஆவணி ஒன்று, காலை வருகிறார்கள். அப்பா பந்தல்காரரிடம் நாற்காலிக்குச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

வரிசையாக எழுத முயல்கிறேன்.

அதிகாரி மூன்று மணிக்கே வந்துவிட்டார். நாடாவை வைத்து மதிலை அளந்தார். மீனாள் அக்கா குடையோடு பின்னால் ஓடினார். வடக்கு இடைவெளியில் நின்று, "இவ்வளவு பெரிய வழி இருக்கே. எதிரிகள் ஏன் இப்படி வரல?" என்று கேட்டார். "அது மரியாத இல்லீங்க," என்றார் அக்கா.

ஐந்து மணிக்கு எதிரி வந்தான். குழந்தையம்பலம் முன்னால், இருபது பேர் பின்னால். கடைசி வரிசையில் அடைக்கலம் கம்பைப் பிடித்திருந்தார், ஆட்டைப் பிடிப்பதுபோல. வேடிக்கை பார்க்க வந்த அந்த ஊர்ப் பெண்கள் கண்மாய்க் கரையில் நின்றார்கள். அப்பா கதவைச் சாத்தினார். மதில்மேல் எங்கள் ஊர் முழுவதும் ஏறியது.

திட்டு தொடங்கியது. வாக்குக் கொடுத்தபடி புதுத் திட்டுகள். "ஒங்க ஊரு வைஃபை மாதிரி ஒங்க வீரமும் பாதியில நின்னுரும்டா!" என்று ஒரு பையன் கத்தினான். அம்பலம் திருப்தியாகத் தலையசைத்தார்.

பிறகு மைக்கை என் கையில் கொடுத்தார்கள். அப்பா என் பக்கத்தில் கூழ்ப் பானையோடு நின்றார். வெள்ளை வேட்டி, தலைப்பாகை, இடுப்பில் சாவி. வருடத்தில் இந்த ஒரு நாள்தான் அவர் மூட்டு வலிக்காமல் நிற்கிறார்.

முதல் பக்கத்தை வாசித்தேன். ஆடி மாதம், கடைசி வெள்ளி, பொழுது சாயும் நேரம். என்னால் மேலே போக முடியவில்லை. அப்பா மைக்குக்குக் குனிந்து, "எத்தன பேரு வந்தானுகன்னு சொல்லுத்தா, அதிகாரி கேக்கட்டும்," என்றார்.

நான் கீழே பார்த்தேன்.

"இருபத்தொரு பேர்," என்றேன். "அதுல ஒருத்தர் நம்ம வீட்டு மாப்பிள்ளை."

வீரமான பிரதியை மடித்து வைத்துவிட்டு, நான் எழுதிவைத்திருந்த செப்பேட்டு நகலை வாசித்தேன், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். மைக் ஒரு தடவை கிறீச்சிட்டது. வாசித்து முடித்ததும் முதலில் பேசியவர் குழந்தையம்பலம்.

"ஏம்ப்பா அடைக்கலம், இதுதான் எழுதியிருக்கா? நானூறு வருசமா நாங்க மாப்பிள்ள வீடா? மாப்பிள்ள வீட்டுக்காரனுக்கா பாயசம் இல்லாமச் சோறு போட்டீங்க!"

கீழே சிரிப்பு வெடித்தது. மதில்மேலும் அங்கங்கே. மீனாள் அக்கா அதிகாரியைப் பார்த்தார், அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் அப்பாவை மட்டும் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பானையைக் கீழே வைத்தார்.

"கால் ஒடிஞ்சதுன்னா வாசிச்ச?"

"ஆமாப்பா."

"அப்புறம் அவன் போயி மகளப் பாக்கவே இல்லியா?"

"பாத்ததா எழுதல."

"செத்துப்போச்சுன்னு சொல்லிட்டானா? குத்துக்கல்லு மாதிரி இருக்குற புள்ளைய?"

நான் தலையாட்டினேன். அப்பா மதில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார், எவ்வளவு உயரம் என்று பார்ப்பவர்போல. இரண்டு ஆள் உயரம். தினமும் பார்க்கிற உயரம்தான். அவர் கண் கலங்கியதை என் முப்பத்திரண்டு வயதில் இன்றுதான் பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதைக் கீழே இருந்து பார்த்த அடைக்கலத்துக்கு என்ன தோன்றியதோ, கம்பைப் போட்டுவிட்டு முன்னால் வந்தார். கதவருகே நின்று மேலே பார்த்தார்.

"மாமா!" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எங்கள் தெரு முழுவதுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அப்பா அவரைப் பார்த்தார். பிறகு என் நீலச் சேலையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா கோபுரத்தைப் பார்த்தார்.

"நீதான நம்ம ஆட்டுக்கு ரெண்டு தடவ ஊசி போட்டவன்?"

"ஆமா மாமா."

"ஒரு தடவ போட்டாப் போதாதா?"

"போதும் மாமா."

அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பானையை மறுபடி தூக்கினார்.

"இன்னைக்கு என்ன தேதி?" என்று ஊரைக் கேட்டார்.

"ஆடி இருபத்தொம்போது!" என்றார்கள்.

"ஆடி முடிய இன்னும் ரெண்டு நாளு இருக்கு. அதுக்குள்ள எந்த மாப்பிள்ளையும் இந்த வாசல மிதிக்கக் கூடாது. எங்க பாட்டன் அந்த மட்டுக்கும் சரி," என்று சொல்லி முழுப் பானையையும் அடைக்கலத்தின் தலையில் கவிழ்த்தார். ஆறவைத்த கூழ். கட்டி இல்லை, நானே கரைத்தது. அவர் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, மீசையிலிருந்து வழிந்ததை நக்கிப் பார்த்தார்.

"உப்புக் கம்மி மாமா," என்றார்.

"திங்கக்கெழம ஆவணி பொறக்குது. வாங்க. எல்லாரும் வாங்க!" என்று அப்பா கத்தினார். குரல் உடைந்துவிட்டது. "நாந்தான் வந்து கூப்புடணும். கால் முடியல, இங்கருந்தே கூப்புடுறேன். எங்க வீட்டுப் பொண்ணு வழியில வந்த எல்லாரும் வாங்க!"

பந்தியில் பாயசம் போட்டோம், மாப்பிள்ளைக்கு மட்டும் வாசலுக்கு வெளியே இலை. இரண்டு தடவை பரிமாறியும் அம்பலம் இலையை மடிக்கவில்லை.

ஆகஸ்ட் 15, சனி

அம்மா திருப்பத்தூருக்குப் போன் செய்தார். "கோவிச்சுக்காதீங்க. சொந்தத்துலயே முடிஞ்சிருச்சு," என்றார். எந்த வழியில் சொந்தம் என்று கேட்டார்களாம். "பழைய சொந்தம்," என்று வைத்துவிட்டார்.

அதிகாரி போகும் வழியில் குருந்தம்பட்டியில் இறங்கிச் செப்பேட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார். கோட்டை பட்டியலில் சேருமா என்று தெரியவில்லை. மீனாள் அக்கா ஒரு யானையாவது இருந்திருக்கலாம் என்கிறார்.

ஆகஸ்ட் 17, திங்கள்

ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். பஸ் வரும் வழியில் ஒருவர்கூட வரவில்லை. கண்மாயைச் சுற்றிக்கொண்டு, கோட்டை வாசல் வழியாக வந்தார்கள். சந்தனம், தேங்காய், பழம், பூ, இரண்டு பட்டுச் சேலை.

அப்பா விடியற்காலையிலிருந்தே வாசலில் நின்றார். குழந்தையம்பலத்துக்குக் கும்பிடு போட்டார். அடைக்கலத்தைத் தாண்டிப் போனார். நேராக இருளாயி அத்தையிடம் போய் நின்றார். அந்த வீட்டில் பிறந்த பெண்களில் அவர்தான் மூத்தவர். சந்தைக்குச் சந்தை அப்பா அவரிடம் வெண்டைக்காய் முற்றல் என்று சண்டை போடுவார்.

"உள்ள வாத்தா," என்றார். "கூப்புடாம விட்டது எங்க தப்பு."

இருளாயி அத்தைக்கு ஏதாவது எடுத்தெறிந்து பேசித்தான் பழக்கம். இன்று அப்படியில்லை. முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அந்த வாசலிலேயே நின்று அழுதார். அப்பாவும் அழுதார். அம்மா ஆரத்தித் தட்டோடு யாருக்குச் சுற்றுவது என்று தெரியாமல் இருளாயி அத்தைக்கே சுற்றினார்.

அதற்கப்புறம் வீடு நிறைய ஆள். யாருக்கு யார் என்ன முறை என்று கணக்குப் போட்டுச் சண்டையே வந்துவிட்டது. நான் காபித் தட்டோடு அரைமணி நேரம் நின்றேன். பெண் பார்க்க வந்த கூட்டத்தில் என் பக்கம் திரும்பிப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான்.

போதும்.